ஆர்க்டிக் மங்கீஸின் ஏழு ஆல்பங்கள், கடைசி இடத்திலிருந்து முதலிடம் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு குழுவின் ஆல்பங்களை வரிசைப்படுத்துவது வேலையற்ற வேலை என்று தெரியும். தெரிந்தும் ஒரு நாள் நண்பர்களுக்கு என் பட்டியலை அனுப்பிவைத்தேன். இவர்களின் ஏ.எம். என்ற ஆல்பத்தை ஐந்தாவது இடத்தில் வைத்ததற்காக ஒருவர் இரண்டு நாள் பேசவில்லை. மற்றவர்கள் கேள்விகளாகக் கேட்டுத் தள்ளினார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

யார் இவர்கள்? பேரைக் கேள்விப்பட்டதோடு சரி.

இங்கிலாந்தின் வடக்கே ஷெஃபீல்ட் என்று ஒரு நகரம். எஃகுக்குப் பேர்போன ஊர். அதன் புறநகரான ஹை கிரீனில் கூட வளர்ந்த பையன்கள் 2002-ல் தொடங்கிய குழு இது. அலெக்ஸ் டர்னர் பாடுவார், கிட்டார் வாசிப்பார், வரிகளும் பெரும்பாலும் அவருடையவை. ஜேமி குக் இன்னொரு கிட்டார். மேட் ஹெல்டர்ஸ் டிரம்ஸ். பேஸ் கிட்டாரில் முதலில் ஆண்டி நிக்கல்சன் இருந்தார். 2006-லிருந்து நிக் ஓமாலி.

டர்னருக்கும் குக்குக்கும் கையில் கிட்டார் கிடைத்ததே 2001 கிறிஸ்துமஸ் பரிசாகத்தான். 2005 அக்டோபரில் அவர்களுடைய பாட்டு பிரிட்டனில் முதலிடம். நடுவில் நாலு வருடம்கூட முழுதாக இல்லை. இதற்குப் பெரிய விளம்பரம் எதுவும் இல்லை. ஆரம்பக் கச்சேரிகளில் டெமோ பாட்டுகளை சிடியில் பதிந்து இலவசமாகக் கொடுத்தார்கள். வாங்கிப் போனவர்கள் இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். ஆல்பம் வருவதற்கு முன்பே கூட்டத்துக்கு வரிகள் மனப்பாடம்.

இண்டி ராக் என்கிறார்களே, இவ்வளவு பெரிய குழுவை இண்டி என்று சொல்லலாமா?

நம்மூரில் இண்டி என்றால் சினிமாவுக்கு வெளியே வரும் பாட்டு. அங்கே அந்தச் சொல் பெரிய இசைக் கம்பெனிகளுக்கு வெளியே இயங்கும் சிறு நிறுவனங்களிலிருந்து வந்தது. ஆர்க்டிக் மங்கீஸ் 2005-ல் டொமினோ என்ற அப்படியொரு நிறுவனத்தில் கையெழுத்திட்டார்கள். ஏழு ஆல்பங்களும் அதில்தான் வந்திருக்கின்றன. மைதானத்தை நிரப்புகிற குழுவை இண்டி என்பது கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது. காகிதத்தில் சரி.

சுற்றி வளைக்காமல் வரிசையைச் சொல்லுங்கள்.

ஏழு: சக் இட் அண்ட் சீ (2011). ஆறு: தி கார் (2022). ஐந்து: ஏ.எம். (2013). நாலு: ஃபேவரிட் வொர்ஸ்ட் நைட்மேர் (2007). மூன்று: டிராங்குவிலிட்டி பேஸ் ஹோட்டல் அண்ட் கசினோ (2018). இரண்டு: ஹம்பக் (2009). ஒன்று: வாட்எவர் பீப்பிள் சே ஐ ஆம், தட்ஸ் வாட் ஐம் நாட் (2006).

கடைசி இடத்தில் இருப்பதும் மோசமான ஆல்பம் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அதற்கும் கேள்வி வரும்.

எதை வைத்து அளந்தீர்கள்?

நிலமும் பொழுதும். அகப்பாட்டுக்கு முதற்பொருள் இந்த இரண்டும்தான் என்று பள்ளியில் படித்திருப்போம். எங்கே, எந்நேரம் என்று தெரிந்துவிட்டால் பேசுகிறவரின் மனநிலை பாதி புரிந்துவிடும். விளையாட்டாக இந்தக் குழுவுக்கு இதைப் போட்டுப் பார்த்தேன். ஆச்சரியமாகப் பொருந்தியது.

டர்னர் அடிப்படையில் வேடிக்கை பார்க்கிறவர். டாக்சிக்கு நிற்கும் வரிசையை, வாசலில் மறிக்கும் ஆளை, பக்கத்து மேசையில் நடக்கும் சண்டையைப் பார்த்து எழுதுகிறவர். அவருக்கு நின்று பார்க்க ஓர் இடம் இருந்தால் ஆல்பம் பிழைத்துக்கொள்கிறது. இடம் இல்லாதபோது சொற்களை வைத்து விளையாட ஆரம்பித்துவிடுகிறார். அந்த விளையாட்டும் அழகுதான், ஆனால் காதோடு நின்றுவிடுகிறது.

விற்பனை, விருது, கேட்டவர்களின் எண்ணிக்கை எதையும் கணக்கில் எடுக்கவில்லை.

சக் இட் அண்ட் சீ-யில் நல்ல பாட்டுகள் நிறைய இருக்கின்றனவே, அது ஏன் கடைசி?

இருக்கின்றன. "லவ் இஸ் எ லேசர்குவெஸ்ட்" இவர்களுடைய மிக மென்மையான பாட்டுகளில் ஒன்று. கடைசிப் பாட்டான "தட்ஸ் வேர் யூ ஆர் ராங்" ஓடும் வண்டியில் கேட்க அருமை. தலைப்புப் பாட்டைத் தனியாக எடுத்துக் கேட்டால் குறை சொல்லவே மனம் வராது.

சேர்த்துக் கேட்கும்போதுதான் சிக்கல். எங்கே நிற்கிறோம் என்று தெரியவில்லை. டர்னர் அப்போது நியூயார்க்கில் இருந்தார். பதிவு லாஸ் ஏஞ்சலஸின் சவுண்ட் சிட்டி ஸ்டுடியோவில். பாட்டுகள் இரண்டு ஊரிலும் இல்லை. ஏதோ ஒரு வெயில், ஏதோ ஒரு பெண், ஏதோ ஒரு இனிப்பு உவமை. ஒன்றை அடுத்ததன் இடத்தில் மாற்றி வைத்தாலும் எதுவும் குறையாது. "டோன்ட் சிட் டவுன் காஸ் ஐவ் மூவ்ட் யுவர் சேர்" முந்தைய ஆல்பமான ஹம்பக்கிலிருந்து வழி தவறி வந்தது போல இருக்கும். ஆபத்தான காரியங்களாகப் பட்டியல் போட்டு, எதை வேண்டுமானாலும் செய், நான் நகர்த்திவிட்ட நாற்காலியில் மட்டும் உட்காராதே என்கிற குறும்பு. ஹெல்டர்ஸ் பாடும் "பிரிக் பை பிரிக்" ஒரு தடவை கேட்டுச் சிரிக்கலாம்.

தலைப்பு பிரிட்டிஷ் பேச்சுவழக்கு. முயன்று பார்த்தால்தானே தெரியும் என்று அர்த்தம். அமெரிக்காவில் சில கடைகள் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டு ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தன. அட்டையில் வெளிறிய பின்னணியில் அந்தத் தலைப்பைத் தவிர எதுவும் கிடையாது. ஒட்டிய பிறகு என்ன மிஞ்சியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

தி கார் பிடிக்கவில்லையா, புரியவில்லையா?

நியாயமான கேள்வி. 2022 அக்டோபரில் வந்த வாரமே இரண்டு தடவை கேட்டுவிட்டு ஓரமாக வைத்துவிட்டேன். தூக்கம் வந்தது என்பதுதான் உண்மை. சில மாதம் கழித்து, இரவுப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, வேறு எதுவும் தரவிறக்கி வைத்திருக்காததால் இதையே போட்டேன். "தேர்ட் பெட்டர் பி எ மிரர்பால்" தொடங்கி டர்னர் வாய் திறக்கவே வெகுநேரம் ஆகிறது. அதுவரை பியானோவும் வயலின்களும்தான். விருந்து முடிந்து விளக்கை அணைக்கும் நேரத்தின் பாட்டு. பிரிகிறவர்கள், கார் வரை வந்து விடைபெறலாமா என்கிற தயக்கம். அன்றுதான் பிடிபட்டது.

இதற்கு நிலம் உண்டு. அட்டையில் இருக்கிறதே, மொட்டை மாடி வாகன நிறுத்தத்தில் தனியாக நிற்கும் ஒரு வெள்ளைக் கார், ஹெல்டர்ஸ் எடுத்த படம், அதுதான். இங்கிலாந்தின் சஃபோக்கில் ஒரு பழைய மடாலயக் கட்டடத்தில் தங்கிப் பதிந்திருக்கிறார்கள். "ஸ்கல்ப்ச்சர்ஸ் ஆஃப் எனிதிங் கோஸ்" பாட்டில், புது ஒலி பிடிக்கவில்லை என்று புலம்பும் ரசிகர்களையே டர்னர் கிண்டலடிக்கிறார். என்னையும் சேர்த்துத்தான். "பாடி பெயின்ட்" கடைசியில் கிட்டார் எழும்பும்போது, அப்பாடா, பழைய ஆட்கள் உள்ளேதான் இருக்கிறார்கள் என்று தோன்றும்.

அப்புறம் ஏன் ஆறு? நடுவில் பாட்டுகள் ஒரே நடையில் நகர்கின்றன. வரிகள் பாதி திறந்த கதவுகள் போல. எட்டிப் பார்ப்பதற்குள் அடுத்த அறைக்குப் போய்விடுகிறார். பிரிட்டனில் முதலிடம் தொடாத அவர்களின் ஒரே ஆல்பம் இதுதான் என்பதை ஒரு குறையாகச் சொல்ல மாட்டேன். அதே நாளில் டெய்லர் ஸ்விஃப்டின் மிட்நைட்ஸ் வந்தது. யார் என்ன செய்ய முடியும்?

ஏ.எம். ஐந்தாவதா? உலகமே கொண்டாடுகிற ஆல்பம் ஐயா அது!

இந்தக் கேள்வி, சில நேரம் கேள்விக்குறி இல்லாமல், அதிகம் வந்தது. பொறுமையாகச் சொல்கிறேன்.

ஏ.எம்.மின் முதல் இரண்டு பாட்டுகளுக்கு இணையான தொடக்கம் ராக் இசையில் அந்தப் பத்தாண்டில் அரிது. "டூ ஐ வான்னா நோ" தரையில் காலால் தட்டுவது போன்ற தாளத்தோடு வரும். அந்த ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு, நடந்து வருகிறது, அவசரமே இல்லை. அடுத்து "ஆர் யூ மைன்". இது 2012-லேயே தனியாக வந்து, ஆல்பம் எந்தத் திசையில் போகும் என்று காட்டிய பாட்டு. ஹிப் ஹாப்பின் தாளத்தையும் பிளாக் சபாத் என்ற பழைய ராக் குழு மாதிரியான கனமான கிட்டாரையும் ஒன்றாகப் போட்டுக் குழைத்தார்கள். மேலே ஹெல்டர்ஸும் ஓமாலியும் கீச்சுக் குரலில் பின்பாட்டு. ஆண்கள் பெண்குரலில் பாடும் அந்தப் பின்பாட்டுதான் இந்த ஆல்பத்தின் ரகசிய மசாலா என்பேன். "அரபெல்லா"வில் கிட்டார் இறங்கும் இடம் சபாத்துக்கு நேரடி வணக்கம்.

பொழுதும் கச்சிதம். நள்ளிரவு தாண்டி மூன்று மணி, கையில் போன், அனுப்பலாமா வேண்டாமா என்கிற குறுஞ்செய்தி. "ஒய்ட் யூ ஒன்லி கால் மீ வென் யூ ஆர் ஹை" அந்த நேரத்தில்தான் நடக்கிறது. ஆல்பத்தின் பெயருக்கே அந்த அர்த்தம் பொருந்துகிறது, ஆனால் பெயர் வந்த வழி வேறு: வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற குழுவின் வி.யூ. என்ற தொகுப்பின் பாணியில் தங்கள் குழுவின் முதலெழுத்துகளை வைத்தார்கள்.

நிலம்தான் உதைக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் என்று சொல்கிறார்கள். எனக்குத் தெரிவது ஒரு தோல் ஜாக்கெட்டும் ஒரு சீப்பும். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பையன், தன்னை மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட ஆல்பம் இது. "மேட் சவுண்ட்ஸ்", "ஃபயர்சைடு" பக்கம் வரும்போது நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவேன். "நீ சாக்ஸ்" வந்து திரும்ப உட்கார வைக்கும். அதன் பின்பகுதியில், ஹம்பக்கைத் தயாரித்த ஜோஷ் ஹோமியின் குரல் நுழையும் இடத்துக்காகவே அந்தப் பாட்டைக் கேட்கலாம்.

சரி, திருவிழாவில் எல்லோரும் சேர்ந்து கத்துவதற்கு என்றால் இதுதான் முதலிடம். நான் அறைக்குள் தனியாகக் கேட்கிறவன்.

ரீல்ஸில் வரும் "ஐ வான்னா பி யுவர்ஸ்" இவர்களுடையதா?

இவர்களுடையதுதான், ஏ.எம்.மின் கடைசிப் பாட்டு. ஆனால் வரிகளில் பாதிக்கு மேல் சால்ஃபர்டைச் சேர்ந்த கவிஞர் ஜான் கூப்பர் கிளார்க்கினுடையவை. டர்னர் பள்ளியில் படித்த கவிதை அது. காதலன் தன்னை நிலாவோடும் மலரோடும் ஒப்பிட்டுக்கொள்ள மாட்டான். உன் வேக்குவம் கிளீனராக இருக்கிறேன், துருப்பிடிக்காத உன் காராக இருக்கிறேன் என்பான். நகைச்சுவைக் கவிதையை டர்னர் மெதுவாக்கிக் கெஞ்சலாக மாற்றிவிட்டார். வந்து பல வருடம் கழித்து, சிறு காணொளிகள் வழியாக அடுத்த தலைமுறை இதைப் பிடித்துக்கொண்டது. ஸ்பாட்டிஃபையில் 200 கோடி தடவையைத் தாண்டிப் போய்விட்டது. பதினைந்து நொடிக்கு மேல் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பொறாமை என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபேவரிட் வொர்ஸ்ட் நைட்மேர் பற்றி?

முதல் ஆல்பம் வந்து பதினைந்தே மாதத்தில், 2007 ஏப்ரலில் வந்தது. "பிரையன்ஸ்டார்ம்" தொடங்கினால் யாரோ கதவை உடைத்துக்கொண்டு வருவது போலிருக்கும். ஜப்பானில் கச்சேரி முடிந்து சந்தித்த ஒரு விசித்திர ஆசாமிதான் அந்தப் பாட்டின் பிரையன். ஊர் ஊராகச் சுற்றும் பையன்கள் எழுதியது என்பது தெரிகிறது: நிலம் என்று ஒன்று இல்லை, ஓடும் வண்டியின் ஜன்னல்தான் நிலம். அது குறையாகப் படவில்லை, ஏனென்றால் வண்டி அவ்வளவு வேகம். பன்னிரண்டு பாட்டுகள் நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

கடைசியில் "505". ஹோட்டல் அறை எண். அந்த ஆர்கன் ஒலி, செர்ஜியோ லியோனின் கௌபாய் படத்துக்கு என்னியோ மோரிக்கோனே போட்ட இசையை நினைவூட்டும். முதல் பாதி முழுக்க அடக்கி வாசித்து, நடுவில் டிரம்ஸ் வெடிக்கும். அறைக்குத் திரும்பிப் போகிறேன், நீ அங்கே இருப்பாயா என்பதுதான் விஷயம். இந்தக் குழு எழுதிய முதல் நிஜமான ஏக்கப் பாட்டு இது. இதுவும் ரீல்ஸில் வந்துவிட்டது என்று நீங்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

நிலாவில் ஹோட்டல் என்று ஒரு ஆல்பமாமே? அது எப்படி மூன்றாவது?

ஏ.எம். உலகம் சுற்றி வந்தபின் எல்லோரும் இரண்டாவது ஏ.எம்.முக்குக் காத்திருந்தார்கள். டர்னருக்கு முப்பது வயதானபோது அவருடைய மேலாளர் ஒரு ஸ்டெய்ன்வே பியானோவைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தார். கிட்டாரில் எழுதிப் பழகிய ஆள் பியானோ முன் உட்கார்ந்ததும் கை வேறு இடங்களுக்குப் போனது. 2018 மே மாதம் ஆல்பம் வந்தபோது முன்கூட்டி ஒரு பாட்டுகூட வெளியிடவில்லை. போட்டதும் முதல் வரி, நான் தி ஸ்ட்ரோக்ஸ் குழுவில் ஒருவனாக ஆசைப்பட்டேன், இப்போது பார் என்ன கோலம் என்கிற தொனியில் வருகிறது. பாதிப் பேருக்குப் புன்னகை, பாதிப் பேருக்கு அதிர்ச்சி.

டிராங்குவிலிட்டி பேஸ் என்பது அப்போலோ 11 நிலவில் இறங்கிய இடத்தின் பெயர். 1969-ல் ஆம்ஸ்ட்ராங் கால் வைத்த இடத்தில் இப்போது ஹோட்டல், சூதாட்ட விடுதி, கூரையில் மெக்சிகோ சாப்பாட்டுக் கடை. கடைக்கு ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கிடைத்திருக்கிறது என்று "ஃபோர் அவுட் ஆஃப் ஃபைவ்" பாட்டில் விளம்பரம் செய்கிறார். அங்கே மூலையில் உட்கார்ந்து, கேட்க ஆளில்லாவிட்டாலும் பாடிக்கொண்டிருக்கும் பாடகன்தான் டர்னர். நிலாவில்கூட மனிதன் மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்பான் என்கிற கிண்டலைக் கேட்டுவிட்டு, நான் ஏழு ஆல்பங்களுக்கு மதிப்பெண் போட உட்கார்ந்திருக்கிறேன்.

அட்டையில் உள்ள ஹோட்டல் மாதிரியை டர்னரே அட்டைப் பலகையை வெட்டி ஒட்டிச் செய்தார். நிலத்தை இவ்வளவு சிரத்தையாகக் கட்டிய ஆல்பம் வேறில்லை. குறை என்றால் மெட்டுகள். கேட்டு முடித்தபின் நாற்காலிகளும் விளக்குகளும் நினைவில் நிற்கின்றன, முணுமுணுக்க அதிகம் சிக்குவதில்லை. விதிவிலக்கு "தி அல்ட்ராசீஸ்". தொலைந்துபோன நண்பர்களை நினைத்துப் பாடும் அந்தப் பாட்டில் நிலா ஹோட்டல் எல்லாம் கலைந்து ஒரு மனிதர் மட்டும் மிஞ்சுகிறார்.

ஹம்பக்கை இவ்வளவு மேலே வைக்க என்ன காரணம்? அது யாருக்குமே பிடிக்கவில்லையே?

வந்தபோது நிறையப் பேருக்குப் பிடிக்கவில்லை, உண்மை. இருபத்து மூன்று வயதுப் பையன்கள் முடியை நீளமாக வளர்த்துக்கொண்டு கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்துக்குப் போனார்கள். ஜோஷுவா ட்ரீ பக்கம் ராஞ்சோ டி லா லூனா என்று வீடு மாதிரி ஒரு ஸ்டுடியோ. தயாரித்தவர் குயின்ஸ் ஆஃப் த ஸ்டோன் ஏஜ் குழுவின் ஜோஷ் ஹோமி. (தயாரிப்பாளர் என்றதும் பணம் போடுகிறவரை நினைக்க வேண்டாம். ராக் இசையில் அவர் ஒலியைச் செதுக்குகிறவர். எந்த கிட்டார், எவ்வளவு எதிரொலி, எந்தப் பாட்டைத் தூக்கி எறிவது என்பதில் அவர் பேச்சுக்கு எடை உண்டு.) இவர்களின் வழக்கமான துணை ஜேம்ஸ் ஃபோர்டும் சில பாட்டுகளில் இருக்கிறார்.

ஷெஃபீல்டின் ஈரமும் கூட்டமும் போய், வறண்ட இருட்டு வந்தது. வேகம் பாதியானது. டர்னரின் குரல் முதல்முறையாகக் கீழே இறங்கி, பேசுவதை நிறுத்திப் பாட ஆரம்பித்தது. "மை ப்ரொப்பெல்லர்", "டான்ஸ் லிட்டில் லையர்" எல்லாம் பாம்பு நகர்வது மாதிரி. "ப்ரெட்டி விசிட்டர்ஸ்" மட்டும் பேய் பிடித்து ஓடும். ஹெல்டர்ஸ் யார் என்று தெரிய வேண்டுமென்றால் அதைப் போடுங்கள். ஹம்பக் என்றால் ஏமாற்று என்று பொருள், கோடு போட்ட ஒரு புதினா மிட்டாய்க்கும் அதே பெயர். "க்ரையிங் லைட்னிங்" பாட்டில் மிட்டாய்க்கடைச் சாமான்களை வைத்தே ஒரு தந்திரக்காரியைப் படம்பிடிக்கிறார். இனிப்பும் மிரட்டலும் ஒரே வாயில்.

பாலைவனத்துக்கு நடுவில் ஒரு சுனை மாதிரி "கார்னர்ஸ்டோன்". பிரிந்துபோன பெண்ணின் சாயலைத் தேடி ஒருவன் மதுக்கடை மதுக்கடையாக அலைகிறான். ஒவ்வொரு கடையிலும் அவளைப் போலவே ஒருத்தி. உன்னை அவள் பெயரால் கூப்பிடலாமா என்று கேட்கிறான். மறுத்துவிடுகிறார்கள். கடைசிக் கடையில் அவளுடைய தங்கையையோ அக்காவையோ பார்க்கிறான். அவள் எப்படி வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள் என்கிறாள். மூன்றரை நிமிடத்தில் ஒரு சிறுகதை. சிரிப்பதா, பரிதாபப்படுவதா என்று இத்தனை வருடம் கழித்தும் எனக்கு முடிவாகவில்லை. சில இரவுகளில் இந்த ஒரு பாட்டுக்காகவே ஹம்பக் முதலிடத்துக்குப் போய்விடும். காலையில் இறங்கிவிடும்.

அப்படியானால் முதல் ஆல்பம்தான் முதலிடம். இதைச் சொல்ல இவ்வளவு பீடிகையா?

ஆமாம். எல்லோரும் சொல்கிற பதில்தான், தப்பிக்க வழி பார்த்தேன், கிடைக்கவில்லை.

2006 ஜனவரியில் வந்தது. பிரிட்டனில் முதல் வாரத்திலேயே 3,63,735 பிரதிகள். ஒரு குழுவின் முதல் ஆல்பம் அங்கே இவ்வளவு வேகமாக விற்றதே இல்லை. ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கு அங்கே கொடுக்கும் மெர்க்குரி பரிசும் அந்த ஆண்டு கிடைத்தது. 'என்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நான் அது இல்லை' என்ற பொருளில் வரும் தலைப்பு, ஆலன் சில்லிட்டோவின் நாவல் ஒன்றில் தொழிற்சாலை இளைஞன் பேசும் வசனத்திலிருந்து வந்தது. அட்டையில் ஓர் இளைஞன் சிகரெட் இழுத்துக்கொண்டிருப்பான். அதற்கு ஸ்காட்லாந்து சுகாதாரத் துறையிலிருந்து கண்டனம்.

இதையெல்லாம் விடுங்கள். நிலம்: ஷெஃபீல்ட். பொழுது: வாரக்கடைசியின் ஓர் இரவு. இரண்டும் இவ்வளவு கெட்டியாக வேறெதிலும் உட்காரவில்லை. "த வியூ ஃப்ரம் தி ஆஃப்டர்நூன்" மாலைக்காகக் காத்திருப்பதில் தொடங்குகிறது: இன்றிரவு என்னவோ நடக்கப்போகிறது என்ற பரபரப்பு, குடித்துவிட்டு அனுப்பப்போகும் குறுஞ்செய்திகள் பற்றிய முன்னெச்சரிக்கை. அப்புறம் "ஐ பெட் யூ லுக் குட் ஆன் த டான்ஸ்ஃப்ளோர்", ஆட்டக்களம். "ஃபேக் டேல்ஸ் ஆஃப் சான் ஃபிரான்சிஸ்கோ"வில், அந்த ஊரையே பார்க்காமல் அமெரிக்கன் மாதிரி நடிக்கும் உள்ளூர்க் குழுவைக் கிழித்துத் தொங்கவிடுகிறார். "ரயட் வேன்" போலீஸ்காரர்களைச் சீண்டி வாங்கிக் கட்டிக்கொள்ளும் பையன்கள். "ரெட் லைட் இண்டிகேட்ஸ் டோர்ஸ் ஆர் செக்யூர்டு" என்பது டாக்சிக் கதவில் எழுதியிருக்கும் அறிவிப்பு. பாட்டு முழுக்க வீடு திரும்பும் டாக்சியும் அதன் தகராறும். "ஃப்ரம் த ரிட்ஸ் டு த ரபிள்" உள்ளே விடாமல் மறிக்கும் வாசல் ஆட்கள். "வென் த சன் கோஸ் டவுன்" பயிற்சி அறை இருந்த நீப்செண்ட் பகுதித் தெருவில் இருட்டியபின் நடக்கும் வியாபாரத்தைப் பார்த்தது.

கடைசியாக "எ செர்ட்டன் ரொமான்ஸ்". இதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊரில் திரியும் முரட்டுப் பையன்களை டர்னர் பாதிப் பாட்டு வரை குத்திக் காட்டிக்கொண்டே போகிறார்: அவர்களுடைய உடை, ரிங்டோன், சண்டை. பிறகு குரல் தயங்குகிறது. அதில் சிலர் என் நண்பர்கள், அவர்கள் வரம்பு மீறினாலும் அவர்கள் மேல் எனக்கு அதே அளவு கோபம் வருவதில்லை என்கிறார். அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை போலும். மிச்சத்தை கிட்டார் சொல்கிறது. இதை எழுதியபோது அவர் இருபதைத் தாண்டவில்லை. பின்னால் அவர் எழுதிய சாமர்த்தியமான வரிகள் எதிலும் இந்தத் தயக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

உச்சரிப்பே பிடிபடவில்லை. எப்படிக் கேட்பது?

அது ஷெஃபீல்ட் இருக்கும் யார்க்ஷயர் வட்டாரத்தின் பேச்சு. அதை இழுத்துச் செம்மைப்படுத்தாமல் அப்படியே பாடியதுதான் அன்று பலருக்கு அதிர்ச்சி. திருநெல்வேலிக்காரர் திருநெல்வேலித் தமிழிலேயே பாடினால் மதுரைக்காரருக்கு ஒரு நொடி காது கூர்மையாகுமே, அது மாதிரி. "மார்டி பம்" என்ற பாட்டில் மார்டி என்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது. முதல் தடவை வரிகளைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டே கேளுங்கள். மூன்றாவது தடவை தேவைப்படாது.

எதிலிருந்து தொடங்கட்டும்?

என் வரிசைப்படி இல்லை. கிட்டார் பிடிக்குமென்றால் முதல் ஆல்பம். மெல்ல நகரும் பாட்டு பிடிக்குமென்றால் ஏ.எம்., அங்கிருந்து ஹம்பக்குக்குப் பின்னோக்கி வாருங்கள். பழைய ஆங்கிலப் படங்களின் இசை பிடிக்குமென்றால் நேராக தி கார். நிலா ஹோட்டலை மட்டும் முதலில் தொடாதீர்கள். இவர்கள் எதை விட்டுவிட்டுப் போனார்கள் என்று தெரியாமல் அதைக் கேட்பதில் சுவை இல்லை.

ஏழு ஆல்பங்களில் சேராத நல்ல பாட்டுகள் உண்டா?

உண்டு. 2006-ல் தனியாக வந்த "லீவ் பிஃபோர் த லைட்ஸ் கம் ஆன்" முதல் ஆல்பத்தின் பதினாலாவது பாட்டாக இருந்திருக்கலாம். அதே ஆண்டு வந்த சிறு தொகுப்பில், தலைப்பிலேயே கெட்ட வார்த்தை இருக்கும் அதில், "டிஸ்பேர் இன் த டிபார்ச்சர் லவுஞ்ச்" என்று ஒரு பாட்டு. விமான நிலையத்தில் தனியாக மாட்டிக்கொண்டவனின் வீட்டு நினைப்பு. மேடைப் பதிவு வேண்டுமென்றால் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் 2018-ல் வாசித்தது 2020-ல் ஆல்பமாக வந்தது. வருமானம் போரில் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கான வார் சைல்ட் அமைப்புக்கு. நிலா ஹோட்டல் பாட்டுகள் அதில் கொஞ்சம் ரத்தம் ஏறி நிற்கின்றன.

வரிசை மாறுமா?

தி கார் ஒரு வருடம் ஏழாவதாக இருந்து ஆறுக்கு ஏறியிருக்கிறது. டிராங்குவிலிட்டி பேஸ் ஆறிலிருந்து மூன்றுக்கு வந்தது. சக் இட் அண்ட் சீ-க்காக ஒரு தோழி இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார். அவர் கல்லூரி முடித்த கோடையில் வந்த ஆல்பம் அது. அவருக்கு அதில் நிலமும் தெரிகிறது, பொழுதும் தெரிகிறது. போன வாரம்கூட "லவ் இஸ் எ லேசர்குவெஸ்ட்" அனுப்பி, மறுபடி கேள் என்று எழுதியிருந்தார். கேட்டேன். இன்னும் ஏழுதான். இரண்டு தடவை கேட்டேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.